முடிவை முந்திச் சொல்லலாமா?
‘என் இனிய இயந்திரா’வும் மருட்கைச் சுவையும்

சித்திரை முழுமதி நாளில் மங்கலதேவி மலைக்கு ஏறிச் செல்லும் மக்கள் திரளை நாம் அறிவோம். குமுளி வழியே ஒரு கூட்டமும், கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமும் ஏறும். வண்டன்மேட்டு மலைகளிலிருந்தும் பலர் செல்வர். ஆண்டிற்கு ஒரு நாள் மட்டுமே வழிபாட்டிற்குத் திறக்கப்படும் அக்கண்ணகி கோயிலை நோக்கிச் செல்லும் எவரும், கோவலனுக்கு என்ன நேருமோ என்று ஐயுற்றுச் செல்வதில்லை. கதை அனைவருக்கும் தெரியும், முடிவும் தெரியும். உண்மையில், அந்த முடிவைத் தொழுவதற்காகவே அவர்கள் மலையேறுகின்றனர்.

சிலப்பதிகாரத்தைத் திறப்போர்க்கும் இதே நிலைதான். நூலின் முகப்பில் நிற்கும் பதிகமே கோவலன் கொலையுண்டதையும், கண்ணகி மதுரையை எரித்ததையும், அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் முற்பிறப்புச் செய்தியையும் கூறிவிடுகின்றது. முப்பது காதைகளின் பெயர்களையும் வரிசையாக அடுக்கித் தந்துவிடுகின்றது. இத்தனையும் தெரிந்த பின்னரும் கொலைக்களக் காதையைப் படிக்கும்போது நம் நெஞ்சு நடுங்காமல் இருப்பதில்லை. கூத்து மேடையிலும் இதுவே வழக்கம். விடியற்காலையில் துரியோதனன் வீழ்வான் என்பதை அறிந்தே மக்கள் இரவு முழுதும் கண் விழிக்கின்றனர்.

அவ்வாறாயின், ஒரு கதையின் முடிவை ஒருவர் முந்திச் சொல்லிவிட்டால் மற்றவர் ஏன் சினம் கொள்கின்றார்? இக்காலத்து இளைஞர் ‘ஸ்பாய்லர்’ என்று பெயரிட்டுப் பெருங்குற்றமாகக் கருதும் இச்செயல் உண்மையில் குற்றந்தானா? குற்றமாயின் அதன் அளவு யாது? இவ்வினாக்களை நம் மலைநாட்டு அனுபவம் ஒன்றை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், கதைகள் எல்லாம் ஓரினத்தன அல்ல என்பதை உணர வேண்டும். ஊழின் வழிச் செல்லும் கதை ஒன்று. புதிரின் வழிச் செல்லும் கதை மற்றொன்று. முன்னதில் ‘என்ன நடக்கும்’ என்பது தெரிந்தது. ‘எவ்வாறு நடக்கும்’ என்பதே சுவை. பின்னதிலோ ‘என்ன’ என்பதே பூட்டிய பெட்டி. இரண்டாம் வகை தமிழில் பெருகியது அச்சு இயந்திரமும் வாரப் பத்திரிகையும் வந்த பிறகே எனலாம். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களால் வாசகரைத் திகைக்க வைத்தனர். 1954-இல் வெளிவந்த ‘அந்த நாள்’ திரைப்படத்தில், எஸ். பாலசந்தர் பாடல் ஒன்றுமின்றி, ஒரு கொலையையும் அதனைச் சூழ்ந்த பலருடைய கூற்றுகளையும் மட்டுமே கொண்டு கதையை நடத்தினார். கொன்றவர் யார் என்பதை அறிந்துகொண்டு அரங்கினுள் நுழைபவர், முதல் முறை பார்ப்போர்க்குரிய இன்பத்தில் ஒரு பகுதியை வாயிலிலேயே இழந்துவிடுகின்றார்.

பிற நாட்டாரும் இதனை உணர்ந்திருந்தனர். இலண்டனில் 1952-இல் தொடங்கி, 2020-இல் பெருந்தொற்றால் தடைப்படும்வரை இடைவிடாது நடைபெற்று, பின்னர் மீண்டும் மேடையேறிய அகதா கிறிஸ்டியின் ‘எலிப்பொறி’ நாடகத்தில், குற்றவாளியின் பெயரை வெளியே சொல்லாதீர் என்று இறுதியில் பார்வையாளரைக் கேட்டுக்கொள்வது மரபு. 1960-இல் ‘சைக்கோ’ படத்தை வெளியிட்ட ஹிட்ச்காக், படம் தொடங்கிய பின் எவரையும் அரங்கினுள் விடலாகாது என்று ஏற்பாடு செய்தார். 1990 ஜூன் திங்களில் அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் புதிய வரிசையில் கப்பல் தலைவன் பகைவர் வசப்பட்ட நிலையில் ஒரு பகுதி முடிந்தது. அடுத்த பகுதி செப்டம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட கோடைக்காலம் முழுதும் அத்தொடரின் அன்பர்கள் அவன் மீள்வானா என்று வாதிட்டுக்கொண்டிருந்தனர். முடிவு தெரியாமை என்பது அவர்களுக்கு ஒரு குறையாக இல்லை. கூடிப் பேசுவதற்குக் கிடைத்த செல்வமாகவே இருந்தது.

இனி நம் நாட்டு நிகழ்ச்சிக்கு வருவோம். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980-களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. அக்காலத்திற்கு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் பின்னே, 2020-களின் தொடக்கத்தில் நிகழ்வதாக அமைந்த கதை அது. குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டிய ஒரு நாடு. அதனை ஆளும் ஜீவா என்னும் தலைவன். கணவன் சிபியைக் காணாது தவிக்கும் நிலா. அவளுக்குத் துணையாகும் ஜீனோ என்னும் இயந்திர நாய். ஜீவாவைப் பற்றி ஒரு மறைபொருள் உண்டு. அது யாதென நாம் இங்குக் கூறப் போவதில்லை. ஏன் கூறவில்லை என்பதே நம் ஆராய்ச்சி.

கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாகப் பேருந்தில் ஏறி வரும் வார இதழ், ஏலத்தோட்டங்களுக்குள் கைமாறிக் கைமாறிச் சென்று சேர்வதற்குள் நாட்கள் பல கழியும். ஆகவே முன் படித்தோர், பின் படிப்போர் என்னும் பிரிவு நம்மிடையே இயல்பாக உண்டாயிற்று. படிக்கத் தெரியாதோர் என்னும் மூன்றாம் பிரிவும் உண்டு. அவர்களுக்குக் கதையைச் சொல்வது குற்றமன்று, தொண்டு. இதே கதை 1990-களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது இப்பிரிவுகள் யாவும் ஒரே கூடத்தில் வந்து அமர்ந்தன. கொடைக்கானல் திசை நோக்கித் திருப்பிய ஆன்டெனாவை ஒருவர் பிடித்து நிற்க, படித்தோரும் படியாதோரும் ஒருங்கே படத்தை நோக்கி இருந்தனர்.

அங்குப் பிழை செய்தவர் நாமே. தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு நேரே வந்து அமரும் அம்மையார் ஒருவர், “இந்த ஜீவா யாருதான்யா?” என்று வியப்போடு தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அது நம்மை நோக்கிய வினா அன்று. ஆயினும் படித்தவன் என்னும் செருக்கால் நாம் விடையைச் சொல்லிவிட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அதெத் தெரிஞ்சுக்கத்தானய்யா வாரா வாரம் வந்தேன்” என்றார். கூடத்தில் வழக்கு எழுந்தது. “புத்தகமாக வந்த கதைதானே, இதில் என்ன மறைவு?” என்றனர் ஒரு சாரார். “புத்தகம் வாங்கியவர்க்கு அது பழங்கதை, வாங்க முடியாதவர்க்கு இன்றுதானே பிறக்கிறது?” என்றனர் மற்றொரு சாரார். அடுத்த வாரமும் அவ்வம்மையார் வந்தார். அமருமுன் நம்மைப் பார்த்து அவர் கூறியது ஒன்றே: “அந்த நாய்க்கு என்ன ஆகுதுன்னு மட்டும் சொல்லிப்புடாதீக.”

இச்சொற்களில் ஒரு திறனாய்வே அடங்கியுள்ளது என்பதை நாம் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தோம். அதனை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்குத் துணை செய்கின்றது. எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாகிய மருட்கை, அஃதாவது வியப்பு, நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்பர்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அவை. முன் கண்டறியாத ஒன்றைக் காண்பது புதுமை. அளவிறந்து பெரிதாய ஒன்றைக் காண்பது பெருமை. மிக நுண்ணியதைக் காண்பது சிறுமை. ஒன்று திரிந்து மற்றொன்றாதலைக் காண்பது ஆக்கம். அறிவியற் புனைகதை என்பது மருட்கையையே தலைமைச் சுவையாகக் கொண்ட இலக்கியமாதலின், இந்நான்கும் அதற்கு நான்கு தூண்களாகும்.

முடிவை முந்திச் சொல்பவன் இவற்றுள் எதனை உடைக்கின்றான்? புதுமை ஒன்றனையே. அது ஒரு முறை மட்டும் வாய்ப்பது, போனால் மீளாதது. எஞ்சிய மூன்றும் அவன் கைக்கு எட்டுவன அல்ல. ஒரு நாட்டையே தன் பிடிக்குள் வைத்த ஆட்சியின் பரப்பு பெருமை. அவ்வாட்சிக்கு எதிரே நிற்கும் துணை ஒரு சிறு இயந்திர நாய் என்பது சிறுமை. உலோகமும் மின்சுற்றும் ஆகிய ஒன்று, படிப்படியே நண்பனாக ஆகி நம் நெஞ்சில் இடம்பெறுவது ஆக்கம். இக்கதையின் உயர்ந்த சுவை இந்த ஆக்கத்தில்தான் உள்ளது என்பது நம் கருத்து.

இதற்குத் தலைப்பே சான்று. ‘இயந்திரா’ என்பது விளி. உயிரற்ற பொருளைப் பெயர் சொல்லி அழைப்பதோடு அமையாது, ‘என் இனிய’ என்னும் அடைமொழியும் கொடுத்து ஆசிரியர் கதையைத் தொடங்குகின்றார். ஓர் இயந்திரத்தை ஒருவர் அன்போடு அழைக்கும் நிலை வரப்போகின்றது என்பதைத் தலைப்பிலேயே அவர் வெளிப்படுத்திவிட்டார். ஜீவாவின் மறைபொருளைக் காத்தவர் ஜீனோவின் மறைபொருளைக் காக்கவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. முடிவு தெரிந்த பின்னும் கெடாத பகுதி எதுவோ அதனை ஆசிரியர் துணிந்து வெளியே வைத்தார். அம்மையாரும் ஜீவாவின் புதிரை இழந்த பின்னர் ஜீனோவுக்காகவே வந்தார். எனினும் அந்த நாயின் கதையிலும் தமக்கு உரிய புதுமை சிறிது எஞ்சியிருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அக்கேள்வியில் நியாயம் இருந்தது.

2011-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் இருவர், சிறுகதைகளின் முடிவை முன்னரே அறிந்து படித்தோர் அறியாது படித்தோரினும் சற்றுக் கூடுதலாகவே அவற்றை விரும்பினர் என்று வெளியிட்டனர். பின்வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறான முடிவையும் கண்டன. நாம் கூறியவற்றை நோக்க இம்முரண்பாடு வியப்பளிக்காது. பெருமையும் சிறுமையும் ஆக்கமும் செறிந்த கதை முடிவு தெரிந்தாலும் வாழும். புதுமை ஒன்றனையே நம்பிய கதை அதனோடு மாயும். ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். நல்ல கதைக்கு முடிவு சொல்வதால் கேடில்லை என்பதிலிருந்து, முடிவைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு என்பது பெறப்படாது. செல்வர் வீட்டில் ஒரு காசு திருடினாலும் திருட்டே.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இதற்கு வேறோர் ஒளி தருகின்றது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்நாவலில் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை ஆசிரியர் ஐயத்திற்கு இடமின்றிக் கூறாமலே விட்டார். 2022-இலும் 2023-இலும் அது மணிரத்னத்தின் இயக்கத்தில் இரு பாகத் திரைப்படமாக வந்தபோது, நாவலைப் படித்தோர் படியாதோர்க்குக் கதையைச் சொல்லலாமா என்னும் பழைய வழக்கு மறுபடியும் வீடுதோறும் எழுந்தது. ஆயின் அந்த ஒரு வினாவிற்கு மட்டும் முன்னே படித்தவராலும் உறுதியாக விடை கூற இயலவில்லை. யாராலும் உடைக்க முடியாத பெட்டி ஒன்றைக் கல்கி வைத்துச் சென்றார்.

இனி முறைமை யாது? அதனை நம் ஊர் ஏலத்தினின்றே கற்கலாம். ஏலக்காய் ஏலத்தில் வாங்குவோர் கையில் முதலில் மாதிரி தரப்படும். காயின் நிறமும் பருமனும் மணமும் அதில் தெரியும். விலையோ அனைவரும் கூடிய பின்னரே முடிவாகும். கூடத்தில் வாயால் ஏலம் கூறிய நாளிலும், புற்றடியில் கணினி வழி ஏலம் நடக்கும் இந்நாளிலும் இம்முறை மாறவில்லை. மதிப்புரை எழுதுவோனும் மாதிரி காட்டலாம், காட்டவும் வேண்டும். மணத்தை மறைப்பவன் வணிகத்தைக் கெடுப்பான். விலையை முந்தி முடிப்பவன் ஏலத்தையே கெடுப்பான்.

திறனாய்வாளனின் நிலை சற்று வேறு. முடிவைத் தொடாது ஒரு படைப்பை முற்ற ஆராய்தல் இயலாது. ஆகவே அவனுக்கு அவ்வுரிமை வேண்டும். அறிவிப்புச் செய்துவிட்டு அவன் அதனைப் பயன்படுத்தலாம். என்றென்றைக்கும் எவரும் முடிவைப் பேசலாகாது என்றால் திறனாய்வு ஊமையாகிவிடும். அதே வேளையில் எத்தனை ஆண்டு கழிந்தது என்பதை மட்டும் அளவாகக் கொள்வதும் பொருந்தாது. அச்சேறி எத்தனை ஆண்டாயினும், இன்று முதல் முறை படிக்கும் மாணவிக்கு அது இன்றைய கதையே. வினவியவர்க்குச் சொல், வினவாதவர்க்குச் சொல்லாதே. எது வினா, எது வெறும் வியப்பு என்று பிரித்தறி. இவ்வளவே முறைமை. அன்று நாம் பிழைத்ததும் இப்பிரித்தறிதலில்தான்.

‘என் இனிய இயந்திரா’ கற்பனை செய்த காலத்தை நாம் கடந்து வந்துவிட்டோம். அவ்வாண்டுகள் எப்படி இருக்கும் என்னும் அன்றைய புதிரின் விடையைக் காலமே அனைவருக்கும் சொல்லிவிட்டது. காலத்தைவிடப் பெரிய ‘ஸ்பாய்லர்’ யார் உளர்? ஆயினும் அந்நூல் இன்னும் படிக்கப்படுகின்றது. புதுமை உதிர்ந்த பின்னும் ஆக்கம் நிற்கின்றது. மங்கலதேவி மலையில் முடிவறிந்து ஏறுவோரின் கால்களும், முடிவறிந்த பின்னும் ஜீனோவைக் காண வந்த அம்மையாரின் கால்களும் சென்றது ஒரே வழியில்தான். அவ்வழி எல்லார்க்கும் திறந்திருக்கின்றது. ஆனால் முதல் முறை நடக்கும்போது வளைவுக்கு அப்பால் உள்ளதைத் தம் கண்ணால் காணும் உரிமை அவரவர்க்கு உரியது.