புரூட்டலிசக் கட்டடக்கலையும் கைவினை அறைகலனும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

கரடுமுரடான மேற்பரப்பும் பருத்த வடிவமும் கொண்ட மேசை, பெட்டகம், நாற்காலி ஆகியன இன்று 'புரூட்டலிச அறைகலன்' என்னும் பெயரில் விற்கப்படுகின்றன. கட்டடக்கலையிலிருந்து கைவினைக்கு வந்த இப்பெயர் எந்த அளவிற்குப் பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பெயரும் அளவுகோலும்

'பெட்டோன் ப்ரூ' என்னும் பிரெஞ்சுத் தொடர் பூச்சற்ற கான்கிரீட்டைக் குறிக்கும். லே கொர்பூசியே வடிவமைத்து, 1952இல் மார்சேயில் நிறைவுற்ற அடுக்குமாடிக் குடியிருப்பு இதற்கு முதன்மைச் சான்றாகும். ரெய்னர் பன்ஹாம் 1955இல் எழுதிய கட்டுரை, கட்டமைப்பை வெளிப்படக் காட்டுதலையும் பொருளை உள்ளவாறே மதித்தலையும் இவ்வியக்கத்தின் இயல்புகளாகச் சுட்டியது. 1966இல் வெளிவந்த தம் நூலின் துணைத்தலைப்பில், இஃது அறமா, அழகியலா என அவர் வினவினார். அறைகலனையும் இவ்வினாவைக் கொண்டே அளத்தல் தகும்.

மேற்பரப்பின் வழி

அமெரிக்கக் கைவினைஞர் பால் எவன்ஸ் (1931–1987) இப்பெயருடன் பெரிதும் இணைத்துப் பேசப்படுபவர். எஃகைப் பற்றவைத்து அவர் செய்த பெட்டகங்களில், இணைப்பின் தடமே அணியாக நிற்கிறது. ஆயின், 'செதுக்கிய வெண்கலம்' எனப்பட்ட வரிசையில், கையால் உருவாக்கிய பிசின் பரப்பின்மீது வெண்கலத்துகள் தெளிக்கப்பட்டது. அதில் கைத்திறன் உண்டு. எனினும் வெண்கலம் அங்கே தோல் மட்டுமே. பன்ஹாமின் அளவுகோலில் இஃது அழகியலே அன்றி அறமன்று.

இன்று மரப்பலகைமீது சிமெண்டுப் பூச்சிட்டுக் கான்கிரீட் போலக் காட்டும் மேசைகள் இவ்வழியின் எல்லை எனலாம். 1976இல் திறக்கப்பட்ட இலண்டன் தேசிய நாடக அரங்கின் கான்கிரீட் சுவர்களில், சென்ட்ரிங் பலகையின் மரவரிகள் பதிந்துள்ளன. சுவர் தன்னை வார்த்த மரத்தை மறைக்கவில்லை. மேசையோ தன்னைத் தாங்கும் மரத்தையே மறைக்கிறது.

கட்டமைப்பின் வழி

சண்டிகர் நகரின் கான்கிரீட் அரசுக் கட்டடங்களுக்கெனப் பியர் ழான்னரேயும் அவருடன் பணியாற்றிய வடிவமைப்பாளர்களும் உருவாக்கிய நாற்காலிகள் தேக்காலும் பிரம்பாலும் ஆனவை. கவராயம் விரிந்தாற்போன்ற அவற்றின் கால்களைக் கண்டதும், எடை தரைக்கு இறங்கும் வழி விளங்கிவிடுகிறது. அவற்றை உள்ளூர்த் தச்சர்கள் செய்தனர். ஒரே வடிவம் பட்டறைக்குப் பட்டறை சிறிது வேறுபட்டது. இவற்றில் கான்கிரீட்டின் சாயல் சிறிதும் இல்லை. எனினும் பன்ஹாம் சுட்டிய அவ்விரு இயல்புகளும் முழுமையாக உள்ளன.

ஒரு காலத்தில் பழம்பொருளாகக் கழிக்கப்பட்ட இந்நாற்காலிகள், இன்று வெளிநாட்டு ஏலங்களில் பெருவிலை பெறுகின்றன. ஏலப் பட்டியல்கள் ழான்னரேயின் பெயரைத் தாங்குகின்றன. இழைத்த தச்சரின் பெயர் அங்கில்லை. பெங்களூருவின் ஃபேண்டம் ஹேண்ட்ஸ் பட்டறை இவ்வடிவங்களை இன்றும் கையால் செய்துவருகிறது. இம்முயற்சி கைத்திறனைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கிடைத்த பொருளுக்கேற்ப வடிவம் காணும் முறையைக் கற்றலே முழுப்பயன் தரும்.

முடிவுரை

புரூட்டலிசத்தின் உண்மையான தாக்கத்தைத் தோற்றத்தில் தேடுவது பிழையாகும். தோற்றத்திற்கே பெயர் சூட்டினால், தச்சர் கான்கிரீட்டைப் போலச் செய்பவராகக் குறுகிவிடுவார். கட்டமைப்பிற்குச் சூட்டினால், அவரது பொருத்தும் இழைப்பும் மதிப்பிற்குரியனவாகும். பெயரிடும் திறனாய்வாளர் இவ்வேறுபாட்டிற்குப் பொறுப்பேற்க வேண்டும்.