வேலி அடைக்கும் கை

பங்குனி வெயிலில் ஆலங்குளம் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வேலி அடைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தக்காளியையும் வெண்டையையும் பார்க்கிற கண்ணுக்கு வேலி தட்டுப்படுவதில்லை. எனக்கு அதுதான் முதலில் படும். வெட்டிக் குவித்த உடைமுள்ளை நீளமான கவைக்கம்பால் தூக்கி, தூர் தோட்டத்துப் பக்கமும் நுனி வெளிப்பக்கமுமாக வைக்கிறார் பெரியவர். அடுத்த கொப்பு முந்தையதன்மேல் பாதி ஏறி உட்கார வேண்டும். கவைக்கம்பால் ஓர் அழுத்து. சரசரவென்று முள்ளோடு முள் மாட்டிப் பின்னிக்கொள்கிறது.

பிறகு இருபுறமும் பனைமட்டையை வரிச்சாக வைத்துக் கட்டுகிறார். தண்ணீரில் ஊறிய பனைநார் முறியாமல் வளைந்துகொடுக்கும். காய்ந்ததும் முடிச்சு விறைத்து நிற்கும். ஆட்டுக்குட்டி நுழையும் இடுக்கு எது என்று குனிந்து பார்த்து, அங்கே சின்னக் கொப்பு ஒன்றைச் செருகுகிறார். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு இந்தத் தோட்டங்களிலும் புகும். முள்வேலி அதை மறிப்பதில்லை. இடைவெளிகளில் போகவிடுகிறது, அதனால்தான் சாயாமல் நிற்கிறது. இற்றுப்போன முள்ளை அவ்வப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கும் சலிக்காத அந்தக் கையின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.