வந்த கடிதமும் போன கடிதமும்

வளைகுடா நாடுகளுக்கு நம்மவர் பொருள் தேடிச் செல்லத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறியதைத் தொடர்ந்து அந்நாடுகளில் கட்டடங்களும் சாலைகளும் துறைமுகங்களும் எழுந்தன. அவற்றை எழுப்பக் கைகள் வேண்டியிருந்தன. கைகள் இங்கிருந்து சென்றன. அந்தப் பணத்தில் நம் ஊர்களில் எழுந்த மாடி வீடுகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். திருமணச் செலவுகள் பெருகியதைக் கண்டித்தும் எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த அரை நூற்றாண்டில் போயும் வந்தும் இருந்த கடிதங்களைப் பற்றி நாம் பேசியதில்லை. இலக்கிய ஏடொன்றில் பேசாமல் இதனை வேறு எங்கே பேசுவது?

கடலோர ஊர்களுக்குப் பிரிவு புதிதன்று. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் நாகூராரும் தலைமுறை தலைமுறையாக இலங்கைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தவர்கள். அங்கே பிரிவுக்கென்று ஒரு பழக்கவழக்கமே உண்டு. கடிதத்துக்கென்று ஓர் எழுத்தும் இருந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ், மார்க்க நூல்களுக்கு மட்டும் பயன்பட்டதன்று. குர்ஆன் ஓதக் கற்ற பெண் அதே எழுத்தறிவைக் கொண்டு கொழும்பிலிருக்கும் கணவருக்குத் தன் கையாலேயே எழுதிவிட முடிந்தது. தமிழ் எழுத்து அறியாத பெண்ணையும் எழுதத் தெரிந்தவளாக்கிய ஏற்பாடு அது.

சேலம், நாமக்கல் சமவெளியின் நிலை வேறு. திருமணிமுத்தாறு ஓடுகிற நாட்டில் கடலை யார் கண்டார்? கோட்டையிலும் கிச்சிப்பாளையத்திலும், இராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் வாழ்ந்த நம்மவர் கடைகளையும் தறிகளையும் வண்டிகளையும் நம்பி வாழ்ந்தவர்கள். அன்றியும், இங்கே ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் உருதும் பேசப்படும். உருது பேசும் வீட்டுத் தாய் மகனுக்குச் சொல்ல வேண்டியதை உருதுவில் சொல்வார். அதை எழுதித் தருகிற பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடத் தமிழில் எழுதுவான். அங்கே அறையில் உடனிருப்பவர்கள் கேட்க அது வாசிக்கப்படும். மூன்று கைகள் மாறிச் செல்லும் கடிதத்தில் எந்த அந்தரங்கச் சொல் உயிரோடு போய்ச் சேரும்? ‘மனம் சரியில்லை’ என்று சொல்ல வந்தவர், எழுதுகிற பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘உடம்பு பரவாயில்லை என்று எழுதப்பா’ என்பார்.

ஆகவேதான் நம் கடிதங்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருக்கின்றன. மேலே 786, பிறகு ஸலாம், பிறகு இறையருளால் இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய ஆவல். அதன் பின் யார் யார் ஸலாம் சொன்னார்கள் என்ற நீண்ட பட்டியல். கடைசி இரண்டு வரிகளில்தான் செய்தி: வட்டிக்காரர் வந்தார், மழை இல்லை, தங்கைக்கு வரன் வந்திருக்கிறது. இந்த அச்சை எள்ளி நகையாடுவது எளிது. நாமும் ஒரு காலத்தில் நகைத்தோம். இன்று அவ்வாறு நகைக்க மனம் வரவில்லை. சொல்ல முடியாததைச் சொல்லாமலிருக்கப் பெரியவர்கள் கண்ட வழி அது. ஸலாம் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருந்தால், வீட்டில் ஏதோ பிணக்கு என்று படிப்பவர் புரிந்துகொள்வார்.

பென்யாமின் 2008இல் மலையாளத்தில் எழுதிய ‘ஆடு ஜீவிதம்’ தமிழிலும் பலர் படித்த நாவல். பாலைவன ஆட்டுக் கிடையில் அடிமையாய்க் கிடக்கும் நஜீப், ஊரிலிருக்கும் மனைவிக்கு மனத்துக்குள் கடிதம் எழுதுகிறான். நல்ல வேலை, நல்ல உணவு, நல்ல முதலாளி என்று எழுதுகிறான். எழுதக் காகிதம் இல்லாத இடத்திலும் அந்தப் பொய் இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. அந்நாவலில் துன்பத்தை அடுக்கிய பக்கங்களைக் காட்டிலும் இந்தப் பக்கங்களே நம்மை அதிகம் வருத்தின. ‘நலம்’ என்ற சொல்லுக்குள் என்னென்ன அடைபட்டிருக்கும் என்று அந்த நாவலாசிரியர் அறிந்திருக்கிறார்.

ஆயினும் அதுவும் போனவனின் குரலே. இருந்தவளின் குரல் எங்கே?

பழந்தமிழ் இதில் நம்மை விட முன்னே நின்றது. பொருள்வயின் பிரிவு என்பதைத் தனியே கண்டு, பாலைத் திணையை வகுத்து, பிரிந்தவனைக் காட்டிலும் இருந்தவளையே மிகுதியும் பேச விட்ட மரபு நம்முடையது. கடற்பயணத்தில் பெண்ணை உடனழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் குறித்துவைத்தது. குடும்ப விசா கிடைக்காத தொழிலாளிக்கு அவ்விதி வேறு பெயரில் இன்றும் தொடர்கிறது.

நம் மார்க்க வரலாற்றிலும் இருந்தவளின் குரலுக்கு ஓர் இடமுண்டு. கலீஃபா உமர் (ரலி) இரவில் மதீனாவின் தெருக்களைச் சுற்றி வருகையில், போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் தனிமையில் பாடிய கவிதையைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எத்துணைக் காலம் பொறுத்திருக்க இயலும் என்று கேட்டறிந்து, படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வகுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடும். மேடைகளில் இந்நிகழ்ச்சி கலீஃபாவின் நீதிக்குச் சான்றாகவே எடுத்துரைக்கப்படுகிறது. நீதிக்குச் சான்றுதான், ஐயமில்லை. ஆனால் இலக்கியம் கற்போர் அதில் இன்னொன்றையும் காண வேண்டும். அங்கே முதலில் பிறந்தது கவிதை. அதன் பிறகே சட்டம். அவள் வாய் திறந்திராவிட்டால் எல்லை வகுக்கப்பட்டிராது. நம் இளைஞர்களின் ஒப்பந்தமோ பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒரு விடுமுறை.

கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்கள் அந்தக் கவிதையை மறக்கவில்லை. அவர்களிடம் கத்துப்பாட்டு என்றே ஒரு வகை உண்டு. கடிதமாக அமைந்த பாடல். பெல்லாரிச் சிறையிலிருந்த கணவனுக்கு மனைவி மரியக்குட்டி எழுதுவதாகப் புலிக்கோட்டில் ஹைதர் பாடியது அவ்வகையில் புகழ்பெற்றது. 1970களின் பிற்பகுதியில் எஸ். ஏ. ஜமீல் ‘துபாய்க் கத்துப்பாட்டு’ இயற்றினார். வளைகுடாவிலுள்ள கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம் அது. பணம் வருகிறது, வீட்டில் குறையில்லை, என் இளமைக்கு என்ன பதில் என்று அவள் கேட்கிறாள். கேட்கும் முறையில் நாணமும் உண்டு, சினமும் உண்டு. ஜமீல் உள்ளம் நொந்து வருவோருக்கு ஆற்றுப்படுத்தும் தொழில் செய்தவர். கணவரைப் பிரிந்து வாழும் பெண்களின் துயரத்தை நேரில் கேட்டவர். அப்பாட்டு ஒலிநாடா வழியே கேரளத்திலும் வளைகுடாவிலும் பரவியது. பிறகு கணவனின் மறுமொழியையும் அவரே பாட வேண்டியதாயிற்று. கலைச் செப்பத்தில் குறை காண்போர் காணலாம். உணர்ச்சி மிகையென்றும் சொல்லலாம். ஆனால் சந்தையிலும் பேருந்திலும் கப்பல் தளத்திலும் ஒரு கடிதத்தை நாடே சேர்ந்து படித்தது என்பது சிறு செய்தியன்று.

தமிழில் நாம் என்ன செய்தோம்? தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ முஸ்லிம் முரசில் தொடராக வந்து 1988இல் நூலானபோது, நம் வீடுகளின் பேச்சு முதன்முதலாக நாவலில் கேட்டது. மீரான் மைதீனின் ‘அஜ்னபி’ அரபு நாட்டில் நம்மவர் அந்நியராய் வாழும் வாழ்வைச் சொல்லிற்று. 2004இல் வந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’, ஆடவர் பிழைப்புக்காக அயல்நாடு செல்லும் உள்நாட்டுச் சிற்றூரொன்றின் வீடுகளுக்குள் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத் திறந்துவைத்தது. பலர் முகம் சுளித்தனர். நமக்கும் சில இடங்களில் உடன்பாடில்லை. ஆயினும் அந்தப் பேச்சு இல்லாத வீடு அது என்று எவரும் மறுத்ததாக நாம் அறியோம்.

இவை நீங்கலாக, நம் ஏடுகளில் வந்த சிறுகதைகளில் ‘சஃபர்’ போனவரின் மனைவி பெரும்பாலும் இரு வடிவங்களிலேயே வருகிறாள்: ஒன்று, அனுப்பிய பணத்தை நகையாக்கி அழிப்பவள், மற்றது, தொழுகைப் பாயில் அழுதபடி காத்திருப்பவள். முன்னவளைக் கண்டிக்கவும் பின்னவளைப் போற்றவும் ஆசிரியருக்கு இடம் கிடைக்கிறது. அவள் என்ன எழுதினாள் என்று கேட்கத்தான் எவருக்கும் தோன்றவில்லை. கடிதம் என்பது கதையில் மரணச் செய்தி கொண்டுவரவோ பணம் கேட்கவோ மட்டுமே வருகிறது. இக்குற்றச்சாட்டில் நமக்கும் பங்குண்டு. நாம் எழுதிய கதைகளும் அத்தகையனவே.

நம் சமவெளிக்கென்றே இன்னொரு பிரிவும் உண்டு. அது எந்தக் கதையிலும் ஏறவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட வடமாநிலங்களுக்கெல்லாம் செல்கின்றன; ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பலேறியிருக்கின்றன. வண்டியோடு செல்பவர் எல்லாச் சமயத்தாரும்தாம். வண்டி இன்று ஓரிடம், நாளை ஓரிடம். அவருக்குக் கடிதம் எழுத முகவரியே இல்லை. அவர் எழுதினால் உண்டு. வீட்டார் பதில் எழுத வழியில்லை. நாமக்கல்லின் முட்டை வளைகுடா நாடுகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

இடையில் ஒலிநாடா வந்தது. டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்தவர் திரும்பிச் செல்கையில், வீட்டார் குரலைப் பதிந்து எடுத்துச் சென்றார். எழுதுகிற பையன் தேவையில்லாமல் போயிற்று. உருது பேசுபவர் உருதுவிலேயே பேசினார். எழுத்தறியாத பாட்டி முதன்முதலாகத் தன் சொல்லைத் தானே அனுப்பினார். இலக்கியக் கண் கொண்டு பார்த்தால் நம் சமவெளியின் உண்மையான கத்துப்பாட்டு அந்த நாடாக்களில்தான் இருந்தது. ஆனால் நாடா விலையுள்ள பொருள். கேட்டு முடித்ததும் அதன் மேலேயே நாகூர் ஹனிபாவின் பாடல்களைப் பதிந்துகொண்டார்கள். குறை சொல்லவும் முடியவில்லை.

இப்போது கைப்பேசித் திரையில் முகத்தையே பார்த்துப் பேசுகிறார்கள். தாய் இறந்த அன்று ஜனாஸாவைத் திரையில் கண்ட மகன்கள் உண்டு. இதை இழிவாகப் பேசுவோரோடு நாம் சேரமாட்டோம். பதினைந்து நாள் கழித்துக் கடிதத்தில் அறிந்த காலத்தைக் கண்டவர்கள் நாம். 2013இல் தந்தி நிறுத்தப்பட்டபோது, தந்திக்காரரைக் கண்டு நடுங்கிய வீடுகளில் எவரும் வருந்தவில்லை. இருந்தாலும் அந்தப் பேச்சு பேசியவுடன் காற்றோடு போகிறது. மறுபடி எடுத்துப் படிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

மிஞ்சியவற்றிலும் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. கு. அழகிரிசாமி 1952 முதல் 1957 வரை மலேயாவில் தமிழ் நேசனில் பணிபுரிந்தவர். அவர் இளமை நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் இன்று நூலாகக் கிடைக்கின்றன. ஊரிலிருந்த நண்பர் காத்து வைத்ததால் கிடைக்கின்றன. புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதியவை ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலாயின. அதில் நாம் கேட்பது கணவரின் குரலே. வந்த கடிதம் பெட்டியில் தங்கும். போன கடிதம் போனவரோடு அலையும். எட்டுப் பேர் படுக்கும் அறையில் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி. முகாம் மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது காகிதம்.

இராசிபுரத்தில் உறவினர் வீடொன்றில் அத்தகைய கட்டு ஒன்றை நாம் பார்த்தோம். நீல நிற வான்கடிதங்கள், பச்சை நூலால் கட்டியவை, பன்னிரண்டு ஆண்டுக் காலத்தவை. எல்லாம் அவர் எழுதியவை. அம்மையார் எழுதியவற்றில் ஒன்றுகூட இல்லை. அவர் எழுதியதை வைத்தே அம்மையாரைப் படிக்க வேண்டியிருந்தது. ‘பல் வலி என்று எழுதியிருந்தாய், சேலத்துக்குப் போய்க் காட்டவும்’ என்றது ஒன்று. ‘நீ கேட்ட கேள்விக்கு நேரில் பதில் சொல்கிறேன்’ என்றது மற்றொன்று. என்ன கேள்வி என்று நாம் அம்மையாரைக் கேட்டோம். அவர் கட்டை வாங்கி நூலைச் சுற்றிக்கொண்டே, ‘அத்தா நேரில் வந்தும் சொல்லவில்லையே’ என்று மகளைப் பார்த்துச் சிரித்தார்.