அக்டோபர் ஆட்டங்கள், மார்ச் தீர்ப்பு

2025 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் தேசியப் போட்டிக்கு 16 அணிகள் தேர்வாயின. அவற்றில் 6 அணிகள் ஹாக்கி ஈஸ்ட் என்ற கான்ஃபரன்ஸை, அதாவது பருவம் முழுக்கத் தங்களுக்குள் ஆடும் அணிகளின் குழுவை, சேர்ந்தவை. என்.சி.எச்.சி. கான்ஃபரன்ஸுக்குக் கிடைத்தது இரண்டே இடம். அந்த இரண்டு அணிகளும் அரையிறுதி வரை வந்து ஒன்றோடொன்று மோதின. டென்வரை வீழ்த்திய வெஸ்டர்ன் மிச்சிகன், இறுதியாட்டத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. வழியில் இந்த இரு அணிகளும் ஹாக்கி ஈஸ்ட் அணிகளை நான்கு முறை சந்தித்தன. நான்கிலும் வென்றன.

அப்படியானால் தேர்வுக்குப் பயன்பட்ட கணக்கு தப்பா? அவசரப்பட்டு ஆமென்று சொல்லிவிட முடியாது. ஆனால் கணக்கு எதை அளக்கிறது என்று கேட்காமல் விடவும் முடியாது.

அந்த ஆண்டு வரை தேர்வின் முதுகெலும்பாக இருந்தது ஆர்.பி.ஐ. என்ற குறியீடு. அதில் ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 21, எதிரணிகளுடைய எதிரணிகளின் விகிதத்துக்கு 54. பாதிக்கும் மேற்பட்ட மதிப்பெண், இரண்டு படி தள்ளி நிற்பவர்களின் கையில். அவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அதே கான்ஃபரன்ஸின் சக அணிகள்தான். கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் ஆட்டங்களில் ஒருவர் வென்றால் இன்னொருவர் தோற்றாக வேண்டும். சட்டைப் பையிலிருந்து எடுத்து வேட்டி மடிப்பில் செருகிய பணம் மாதிரி, மொத்தம் மாறாது, விகிதம் எப்போதும் 0.500தான். ஆகவே அந்த 54 சதவீதத்தில் அசைகிற பகுதி கான்ஃபரன்ஸ் வெளியாட்களோடு ஆடிய ஆட்டங்களின் கணக்கு மட்டுமே. அது அத்தனை உறுப்பு அணிகளுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்படுகிறது. அணிகளை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு, கான்ஃபரன்ஸுக்கு ஒரு போனஸ் கொடுக்கிற வேலையையும் ஆர்.பி.ஐ. சத்தமில்லாமல் செய்துவந்தது.

இதைவிட நேர்மையான கணக்கு க்ராக். கென் பட்லர் கல்லூரி ஹாக்கிக்காகக் கொண்டுவந்தது. அடிப்படை, பிராட்லியும் டெர்ரியும் 1952இல் வெளியிட்ட முறை. செர்மெலோ சதுரங்கத்துக்காக 1929லேயே இதே யோசனைக்கு வந்திருந்தார். 300 மதிப்புள்ள அணி 100 மதிப்புள்ள அணியோடு நான்கு முறை ஆடினால் மூன்றில் வெல்லும் என்பதே அந்த எண்களின் பொருள். ஒவ்வோர் அணியும் வெல்ல வேண்டிய ஆட்டங்களின் கூட்டுத்தொகை, அது உண்மையில் வென்ற ஆட்டங்களோடு பொருந்தும்வரை எண்களைத் திரும்பத் திரும்பத் திருத்துவார்கள். சொந்த மைதானச் சாதகத்தை இது கண்டுகொள்ளாது. அது ஒரு குறைதான். ஆனால் 25, 21, 54 போன்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்த எடைகள் இதில் கிடையாது.

தவறு நடப்பது இதற்குப் பிறகு. கான்ஃபரன்ஸ்களை ஒப்பிடுகிறேன் என்று பலர் உறுப்பு அணிகளின் க்ராக் எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்துவிடுகிறார்கள். கற்பனையாக இரண்டு கான்ஃபரன்ஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 800, 50, 50, 50. இன்னொன்றில் நான்குமே 200. முதலாவதின் சராசரி 237.5, ஆகவே அதுதான் பலம் என்று பட்டியல் சொல்லும். இப்போது 100 மதிப்புள்ள நடுத்தர அணி ஒன்றை இரண்டு இடத்திலும் ஆடவிடுவோம். முதல் கான்ஃபரன்ஸ் அந்த அணியை 47 சதவீத ஆட்டங்களில்தான் வெல்லும். இரண்டாவது 67 சதவீதம். பட்டியல் தலைகீழாகிறது. ஒரே ஒரு பெரிய அணி சராசரியைத் தூக்கிவிட்டது.

மடக்கையில் சராசரி எடுத்தால் எதிர்ப்பக்கம் சாயும். 2024-25 பருவத்தில் ஓஹையோவின் மியாமி, என்.சி.எச்.சி.க்குள் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. ஒன்பது அணிகளில் அந்த ஒன்றே மற்ற எட்டையும் கீழே இழுத்துவிடும். எனவே எண்களை அல்ல, நடுத்தர அணிக்கு எதிரான வெற்றி வாய்ப்புகளைச் சராசரி எடுப்பதே நான் ஏற்கும் ஒரே வழி.

சூத்திரத்தைச் சரிசெய்தாலும் சான்று போதாது என்பது பெரிய சிக்கல். வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்குச் சுமார் 34 ஆட்டங்கள். ஹாக்கி ஈஸ்டில் 24 உள்ளுக்குள்ளேயே போய்விடும், மிச்சம் பத்து. ஐவி லீக் கல்லூரிகளுக்கு மொத்தமே 29. அந்த வெளி ஆட்டங்களும் பெரும்பாலும் அக்டோபரிலும் நவம்பரிலும் முடிந்துவிடும். பிப்ரவரியில் பாஸ்டனில் நடக்கும் பீன்பாட் போட்டி போன்றவை விதிவிலக்கு: அங்கே ஆடும் நான்கு அணிகளில் ஹார்வர்டு மட்டும் ஈ.சி.ஏ.சி. கான்ஃபரன்ஸ், மற்ற மூன்றும் ஹாக்கி ஈஸ்ட். ஆக, புது மாணவர்கள் பழகிக்கொண்டிருந்த இலையுதிர்கால ஆட்டங்களை வைத்து மார்ச்சில் தீர்ப்பு எழுதுகிறோம்.

எண்ணிக்கையும் குறைவு. சமபலமுள்ள இரண்டு கான்ஃபரன்ஸ்கள் 25 ஆட்டங்களில் மோதினால், 15-10 அல்லது அதைவிடப் பெரிய இடைவெளி வெறும் அதிர்ஷ்டத்தாலேயே பத்துக்கு நான்கு முறை வரும். அதைப் பார்த்து இது பெரியது, அது சிறியது என்று சத்தியம் செய்வதில் அர்த்தமில்லை.

கோப்பைகளை எண்ணினால் என்ன? 2014 முதல் 2025 வரை, பெருந்தொற்றால் ரத்தான 2020 போக, 11 பட்டங்கள். என்.சி.எச்.சி.க்கு 7, ஹாக்கி ஈஸ்டுக்கு 2, ஈ.சி.ஏ.சி.க்கு 2. பணமும் பெயரும் மிகுந்த பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு ஒன்றுமில்லை. பார்த்ததும் வழக்கு முடிந்தது போலத் தோன்றும். ஆனால் 2018ஐக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். என்.சி.எச்.சி.யின் மினசோட்டா டுலூத் கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே வந்தது. பிக் டென்னின் மினசோட்டாவை அது முந்திய வித்தியாசம் ஆர்.பி.ஐ.யில் 0.0001. டுலூத் பட்டம் வென்றது. அதே ஆண்டு போட்டியின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணியும் என்.சி.எச்.சி.யின் செயின்ட் கிளவுட்தான். அது முதல் ஆட்டத்திலேயே அட்லாண்டிக் ஹாக்கி கான்ஃபரன்ஸின் ஏர் ஃபோர்ஸிடம் 4-1 என்று தோற்றது. 2019இலும் தரவரிசையில் முதல் அணியாக வந்து, அட்லாண்டிக்கின் இன்னோர் அணியிடம் 2-1 என்று தோற்றது. பட்டம் மறுபடி டுலூத்துக்கு. ஒரே கான்ஃபரன்ஸ், இரண்டு ஆண்டுகள், நேர் எதிரான இரண்டு சாட்சியங்கள். தோற்றால் வெளியே என்கிற 15 ஆட்டப் போட்டி சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும். கான்ஃபரன்ஸை எடைபோட அது தோதான தராசு இல்லை. இருந்தும் 11க்கு 7, அதுவும் நான்கு வெவ்வேறு அணிகளால் என்பதை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் தீர்ப்பு இது. 2024-25இல் போட்டிக்குத் தகுதியான அணிகள் அதிகம் இருந்த இடம் ஹாக்கி ஈஸ்ட். ஆறு இடம் கொடுத்ததில் பிழையில்லை. உச்ச அணிகளின் பலத்தில், பத்தாண்டுக் கணக்கில், என்.சி.எச்.சி. முன்னே நிற்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஒரே எண்ணில் இரண்டையும் அடைக்கிற பட்டியலை நம்ப வேண்டாம். ஒரு பருவத்தை மட்டும் வைத்து முதல் மூன்று கான்ஃபரன்ஸ்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்த இன்றைய சான்று போதாது.

2025-26 முதல் என்.பி.ஐ. என்ற புதிய குறியீடு வந்திருக்கிறது. எதிரணியின் பலத்தை அந்த அணியின் சொந்தக் குறியீட்டைக் கொண்டே திரும்பத் திரும்பக் கணக்கிடுவதால், ஆர்.பி.ஐ.யைவிட இது மேல். ஆனால் அது ஒரு புதிய ஆட்டத்தையும் நடத்தித் தராது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இரண்டு வார இறுதிகளையாவது கான்ஃபரன்ஸ்கள் ஒன்றோடொன்று மோத ஒதுக்கட்டும். சூத்திரத்தை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.