புள்ளும் பெயரும்: பறவை இனங்காட்டி நூல்கள் பற்றி ஒரு நோக்கு

மாரி ஓய்ந்த தை மாதக் காலையில் தொண்டைமானாற்றுப் பாலத்தில் நின்று கடனீரேரியை நோக்கும் மாணவனொருவன் பலவகைப் பறவைகளைக் காண்கிறான். சேற்றை அலகாற் கிளறுவன சில. ஆழமற்ற நீரில் அசையாது நிற்பன சில. அவற்றுள் எத்தனையை அவன் பெயர் கூறிச் சுட்டவல்லான்? கொக்கு, நாரை, தாரா, உள்ளான் என்பவற்றோடு அவனது பட்டியல் முடிந்துவிடுகிறது. அதே மாணவன் வகுப்பறையில், திணைக்குரிய கருப்பொருள்களுள் புள்ளும் ஒன்றென எழுதிப் புள்ளிகள் பெறுகிறான். இம்முரண்பாடே, பறவை இனங்காட்டி நூல்கள் விஞ்ஞான மாணவர்க்கு மட்டும் உரியனவல்ல என்பதை உணர்த்துகின்றது.

முற்காலத்தில் பறவையைச் சுட்டு வீழ்த்தி, கையில் வைத்து அளந்தே அதன் இனத்தைத் துணிந்தனர். உயிருடன் உலவும் பறவையைத் தொலைவிலிருந்தே இனங்காண வழிசெய்தமை இத்தகைய நூல்களின் பெருஞ் சாதனையாகும். 1934இல் வெளிவந்த அமெரிக்கரான ரோஜர் ரோரி பீற்றர்சனின் நூல் இத்துறையில் ஒரு திருப்பம். ஓரினத்தை மற்றோரினத்திலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளம் எதுவோ அதனையே அவர் முறை முதன்மைப்படுத்திற்று. நல்ல இனங்காட்டி நூல் எல்லாவற்றையும் காட்டுவதன்று. எதனைப் பார்க்கவேண்டும் எனக் கற்பிப்பது.

இலங்கைக்கு இத்தகைய நூலை அளித்தவர் ஜி. எம். ஹென்றி. கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய இவரது இலங்கைப் பறவைகள் பற்றிய வழிகாட்டி 1955இல் வெளிவந்தது. எழுதியவரே ஓவியருமாதலின் சொல்லும் படமும் அதில் முரணுவதில்லை. பறவையின் தோற்றத்தோடு அதன் நடையையும் குரலையும் இயல்பையும் அவர் விவரிக்கும் பாங்கு இன்றும் சுவை குன்றாதது. பல பறவைகளுக்குச் சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் அவர் குறித்துள்ளார். ஆயினும் அத்தமிழ்ப் பெயர்கள் உரோம எழுத்தில் அமைந்து, ஆங்கில வாசகனுக்கு உரிய உபரித் தகவலாகவே நிற்கின்றன. 1999இல் ரிம் வோர்போக்கின் ஓவியங்களுடன் வெளிவந்த ஜோன் ஹரிசனின் நூல் படங்களின் நுட்பத்தாற் சிறந்தது. எனினும் அதுவும் ஆங்கிலம் வல்லார்க்கே பயன்படுவது.

தமிழில் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ 2013இல் க்ரியா வெளியீடாக வந்தமை இக்குறையை ஓரளவு போக்கிற்று. தமிழ்ப் பெயரைத் தலைப்பாகக் கொண்டு பறவையை அணுகும்போது ஓர் உண்மை புலனாகின்றது: நல்ல பெயர் தானே ஒரு வழிகாட்டி. ஆங்கிலேயர் வர்ணந் தீட்டிய சிறகைக் கண்டு பெயரிட்ட நாரையைத் தமிழர் மஞ்சள் மூக்கு நாரை என்றனர். தொலைவில் நிற்பவனுக்கு முதலிற் புலப்படுவது அம்மூக்கேயன்றோ?

ஆயினும் தமிழகத்து நூல் தமிழக வழக்கைத் தழுவுதல் இயல்பு. அங்கே தவிட்டுக்குருவி எனப்படுவது யாழ்ப்பாணத்து வேலியோரங்களிற் புலுனி. ஓரினத்திற்கு ஒரே பெயர் வேண்டும் என வாதிப்போர் உளர். அவ்வொருமையை விஞ்ஞானப் பெயர் ஏற்கெனவே நல்கிவிடுகிறது. எனவே பொதுமைக்காக வட்டார வழக்கைப் பலியிட வேண்டியதில்லை. இரு பெயரையும் அருகருகே அச்சிடுதலே முறை.

படத்திலும் இத்தகைய இடவேறுபாடு உண்டு. கேர்லூ சாண்ட்பைப்பர் என ஆங்கிலத்தில் வழங்கும் சிறிய உள்ளான், சைபீரியாவின் வடகோடியில் இனம்பெருக்குங்காற் செந்நிறம் பூணும். மாரியில் இலங்கைக் கரையை அடையும்போது பெரும்பாலும் சாம்பல் நிறத்தது. செந்நிறத்தை மட்டும் தீட்டிய படம் தொண்டைமானாற்று மாணவனை வழிதவறச் செய்யும். அவனுக்கு வேண்டியது அவ்வேரியில் வந்திறங்கும் கோலத்திலேயே பறவையைக் காட்டும் நூல்.

சங்கச் செய்யுளிற் பறவைப் பெயர் வருமிடத்து ‘ஒருவகைப் பறவை’ எனப் பொருள் கூறி அமைவது அகராதிகளிற் காணப்படும் வழக்கம். அது பொருளன்று, பொருள் தெரியாமையின் ஒப்புதல். பி. எல். சாமி ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ எழுதி அவ்விருளைப் பெரிதும் நீக்கினார். ஏட்டில் எஞ்சிய பெயருக்குப் பறவையைத் தேடியது அவர் பணி. கண்முன் நிற்கும் பறவைக்குரிய பெயரை ஏட்டில் ஏற்றுவது எஞ்சியுள்ள பணி. கடனீரேரியில் வலை வீசுவோரின் நாவில் வழங்கும் பெயர்கள் எழுதப்படாதொழியின் அவர்களோடு மறைந்துவிடும். போரும் இடப்பெயர்வும் அச்சங்கிலியைப் பல இடங்களில் அறுத்துள்ளன.

தொண்டைமானாற்றில் வெளிக்கள நிலையம் ஒன்று உண்டு. வடபுலத்து மாணவர் பலர் அதனைப் பரீட்சை வினாத்தாள்கள் வாயிலாகவே அறிவர். வெளிக்களம் என்னும் பெயரோ அணைக்கு அப்பாலுள்ள சேற்றுத்திட்டுகளையே சுட்டுகிறது. விஞ்ஞான மாணவன் அலகையும் காலையும் வரைய, தமிழ் மாணவன் முதியோரிடம் பெயரைக் கேட்டு எழுத, அவ்விருவரும் கூடி ஆக்கும் சிறுநூலொன்றே இத்துறையின் உடனடித் தேவை. அந்நூல் வரும்வரை நெய்தலின் புள் வினாத்தாளில் மட்டுமே வாழும்.