துடிக்கும் கோடு

ஓடும் படத்தின் மேல் பிரேம் பிரேமாகக் கோடு இழுப்பதுதான் ரோட்டோஸ்கோப்பிங். 1915இல் அனிமேஷன் கலைஞர் மாக்ஸ் ஃப்ளைஷர் காப்புரிமை கேட்ட உத்தி இது. தம்பி டேவ் கோமாளி உடையில் ஆடினார்; அந்த ஆட்டம் கோகோ கோமாளி என்ற கார்ட்டூன் பாத்திரம் ஆனது.

இன்று கைப்பேசி வீடியோவும் இலவச மென்பொருள் கிரிட்டாவும் போதும். நொடிக்கு 24 பிரேம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுவிட்டு ஒன்று வரைந்தாலும் 12 படம். மணிக்கட்டு கெஞ்சும். அசலை அப்படியே நகலெடுத்தால் படம் செத்துவிடும். மூக்கை விட்டுவிடலாம், முந்தானையின் வீச்சை விடக்கூடாது. எதை விடுவது என்பதில்தான் கை தெரியும். கோடு படத்துக்குப் படம் மயிரிழை நகர்வதால் உருவம் உலைநீர்போலக் கொதிக்கும். சிலர் அதைக் குறை என்று மென்பொருளால் தேய்த்துவிடுகிறார்கள். எனக்கோ அந்தக் கொதிப்புக்காகவே இந்தக் கலை பிடிக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூன்று நொடிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஒருவர் தலை திருப்பிப் பார்க்கும் காட்சியே தாராளம்.