ஓட்டு வீட்டு வாசலில் ஸ்டீல் கதவு: போடலாமா?

தேக்கு விற்கிற விலையில், வாசல் கதவை மாற்ற நினைப்பவர்களின் கண் ஸ்டீல் கதவின் பக்கம்தான் போகிறது. கரையான் ஏறாது, மழைக்கு ஊதாது. நிலை, கதவு, பூட்டு எல்லாம் ஒரே செட்டாக வந்து இறங்கிவிடும். புது கான்கிரீட் வீட்டுக்குச் சரி. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீட்டுக்கு? கும்பகோணம் பக்கம் உறவினர் வீட்டில் போட்டிருக்கும் கதவை மழையிலும் வெயிலிலும் புழங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தோற்றமும் பூட்டும்

துத்தநாகம் பூசிய இரண்டு தகடு, நடுவில் தேன்கூடு போன்ற அட்டை, மேலே தேக்கு ரேகை அச்சு. தெருவிலிருந்து பார்த்தால் மரம்தான். திண்ணை ஏறிக் கிட்டே போனால் மேல் பலகையில் ஓடும் அதே ரேகை கீழ்ப் பலகையிலும் அச்சு மாறாமல் ஓடுவது தெரிகிறது. தட்டினால் தகரச் சத்தம்.

பூட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாவியைத் திருப்பினால் பக்கவாட்டிலும் மேலும் கீழும் கம்பிகள் பாய்கின்றன. பழைய தாழ்ப்பாளும் நாதாங்கியும் இந்தப் பாதுகாப்பைத் தராது. ஐப்பசி அடைமழையிலும் கதவு பிடிக்கவில்லை. ஆனால் மேற்குப் பார்த்த வாசல் என்பதால் சித்திரை மாலையில் கைப்பிடியைத் தொட முடியவில்லை. மரத்தில் கீறல் விழுந்தால் ஆசாரி இழைத்துச் சரிசெய்துவிடுவார். இந்த அச்சில் விழுந்த கீறல் அப்படியே கிடக்கிறது.

சிக்கல் சுவரில்

செட்டின் நிலையைச் சுவரோடு பிடித்து நிறுத்துபவை துளைக்குள் விரிந்துகொள்ளும் போல்ட்டுகள். கான்கிரீட்டில் அவை அசையாது. இங்கே டிரில் வைத்ததுமே காரை மாவாகக் கொட்டியது, போல்ட் உள்ளுக்குள்ளேயே சுற்றியது. பக்கச் சுவரை வெட்டி கான்கிரீட் கட்டை போட்ட பிறகுதான் நிலை நின்றது. கொத்தனார் கூலி தனி.

பழைய நிலையைப் பெயர்ப்பதும் லேசான வேலையில்லை. பல வீடுகளில் மேல்சட்டத்தின் இரு முனையும் சுவருக்குள் போயிருக்கும். மேலே உள்ள செங்கல் பாரத்தில் ஒரு பங்கு அதன்மேல்தான். முட்டுக் கொடுக்காமல் கை வைத்தால் செங்கல் சரியும்.

அடுத்தது அளவு. கடையில் தயாராகக் கிடைப்பது பெரும்பாலும் 3.5 அடிக்கு 7 அடி. குனிந்து நுழைகிற பழைய வாசலில் இதை வைக்கச் சுவரை உடைக்க வேண்டும். இரட்டைக் கதவில் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைக்கலாம். இந்த ஒற்றைக் கதவு முழுதாக உள்ளே திரும்புவதால், ரேழியில் நின்ற சைக்கிள் திண்ணைக்குப் போய்விட்டது. மாவிலைத் தோரணத்துக்கு ஆணி அடிக்க வழியில்லை, காந்தக் கொக்கி ஒட்டியிருக்கிறார்கள். நிலைப்படிக்கு வைக்கிற மஞ்சள் மட்டும் எவர்சில்வர் படியில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

வாங்குவதற்கு முன்

தகட்டின் கனத்தைக் கேளுங்கள். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும்: 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் என்றால் 0.9 மி.மீ. அதோடு, நிலையின் அடிப்பகுதியை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தண்ணீர் தேங்கி உளுப்பது அங்கிருந்துதான் தொடங்கும். முனை இறங்காவிட்டால் நிலை கெட்டியாக இருக்கிறது. அதை அப்படியே விட்டு, கதவுப் பலகைகளை மட்டும் மாற்றினால் போதும். புதுத் தேக்குக்குக் கட்டுப்படியாகாதவர்கள் காரைக்குடி பழம்பொருள் கடைகளைப் பார்க்கலாம். இடித்த வீடுகளின் நிலையும் கதவும் அங்கே விற்பனைக்கு வருகின்றன. அளவை எடுத்துக்கொண்டு, ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

தீர்ப்பு

நிலை உளுத்து, எப்படியும் சுவரை இடிக்கத்தான் வேண்டும் என்ற நிலைமையில் இருப்பவர்களுக்கு ஸ்டீல் செட் நல்ல தேர்வு. நிலை நன்றாக இருக்கிற வீட்டில் கதவு மிச்சப்படுத்துவதைச் சுவர் வேலை தின்றுவிடும். அங்கே மரக் கதவும் நல்ல பூட்டும் போதும்.